டிக் போட்டது யார்?

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது? ஒன்று என்பீர்கள். பையனோ பெண்ணோ இன்ஜினீயரிங் படித்தால் இரண்டு. கணக்கு தப்பு. வாஷிங் மெஷினுக்குள் ஒன்று இருக்கிறது. டி.வி.க்குள் ஒன்று, செட்டாப் பாக்ஸுக்குள் ஒன்று, இன்டர்நெட்டுக்காக மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் ஒன்று. வாசலில் புதுக் கார் நின்றால் அதற்குள் மட்டுமே டஜன் கணக்கில்.

இவற்றுக்குக் கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. சொல்லிவைத்த வேலையை அந்தக் காலத்து மில் கணக்குப்பிள்ளை மாதிரி வாய் திறக்காமல் செய்துகொண்டிருக்கும். எம்பெடட் என்பார்கள்; உள்ளே பதித்தது. இவற்றில் பலவற்றுக்குள் ஆபரேட்டிங் சிஸ்டமும் உண்டு. மேஜைக் கம்ப்யூட்டரில் இருப்பது போல ஜிகா கணக்கில் இல்லை. செல்போனில் நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோவை விடச் சின்னதாகக்கூட இருக்கும்.

அதைக் கடையில் ரெடிமேடாக வாங்கி மாட்டிவிட முடியாது. டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைப்பது போல ஒவ்வொரு கருவிக்கும் தனியாக வெட்ட வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது, அதை யார் தீர்மானிப்பது? டெக்னிகல் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனால் ஒரு தர்மசங்கடம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கோயமுத்தூர் என்றால் பஞ்சாலை, பம்ப்செட், வெட் கிரைண்டர் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நூற்றாண்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சரவணம்பட்டிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து, எங்கோ ஜெர்மனியில் ஓடப்போகிற கார்களின் மூளைக்கு சாஃப்ட்வேர் செய்கிறார்கள். பாஷ் கம்பெனிக்கே இங்கே பெரிய மையம் இருக்கிறது. 2003-ல் கார் கம்பெனிகளும், கார்களுக்கு பாகம் செய்யும் கம்பெனிகளும் கூடி ‘ஆட்டோசார்’ என்று ஒரு பொது இலக்கணம் வகுத்துக்கொண்டார்கள். அந்த முறையில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை யாரும் வரிவரியாக எழுதிக்கொண்டிருப்பதில்லை. திரையில் ஒரு ஜன்னல். அதில் கிளைகிளையாக விரியும் ஒரு பட்டியல். வேண்டியதற்கு டிக் போடு, வேண்டாததற்கு எடு, எண் கேட்ட இடத்தில் எண்ணைக் கொடு, கடைசியில் பட்டனை அமுக்கு. மீதியை டூலே எழுதிக்கொள்ளும்.

இந்த வேலை பார்க்கிற ஒரு இளைஞரை எனக்குத் தெரியும். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயி. மகனுக்கு என்ன உத்தியோகம் என்று ஊரில் யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல டிக் அடிக்கறானுங்க. அதுக்கு மாசமானா சம்பளம் குடுக்கறாங்க” என்பார். பாதி கேலி, பாதி பெருமை.

எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்றேன். “கம்பெனி டூலை வெளிய காட்டக் கூடாதுங்ணா. ஆனா அதே மாதிரி ஒண்ணு இருக்குது, யாரு வேணா எடுத்துப் பாக்கலாமுங்க” என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தார். அதுதான் ஈகாஸ். 1997-ல் சிக்னஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஆரம்பித்தது. 1999-ல் ரெட் ஹாட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஈகாஸின் 3.0 பதிப்பு 2009-ல் வந்தது. இன்று புதிதாக வேலை தொடங்குகிறவர்கள் ஃப்ரீஆர்டாஸ், ஸெஃபிர் என்று வேறு பக்கம் போய்விடுகிறார்கள். ஆனால் ‘வேண்டியபடி மாற்றி அமைக்கத்தக்கது’ என்ற அர்த்தத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிறந்தது ஈகாஸ். படிப்பதற்கு அதுதான் நல்ல புத்தகம்.

முதலில் எந்த போர்டில் ஓடப்போகிறது என்று கேட்கிறது. பிறகு ஒரு மாதிரித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ‘டிஃபால்ட்’ என்று ஒன்று, ‘மினிமல்’ என்று ஒன்று, இன்னும் சில. எடுத்ததும் இடது பக்கம் பட்டியல் விரிகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குட்டிச் சதுரம். பட்டியலைக் கீழே தள்ளத் தள்ள, திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆர்டர் மாதிரி முடிவில்லாமல் போகிறது. நூற்றுக்கணக்கில் கேள்விகள். கவனித்துப் பார்த்தேன்: எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பதில் போட்டிருந்தது. நாம் ஒரு சதுரத்தைக்கூடத் தொடாமல் பட்டனை அமுக்கினால் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாகிவிடும். அதுவும் ஓடும். அனேகமாக நன்றாகவே ஓடும்.

ஒரு சதுரத்தைத் தொட்டால் இன்னொன்றுக்கு வலிக்கிறது. ஒரு முன்னுரிமை எண்ணில் ஒரே ஒரு வேலைதான் இருக்கலாம் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, சம முன்னுரிமை உள்ள வேலைகள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று இன்னோரிடத்தில் சொல்ல முடியாது அல்லவா? அப்படிச் சொன்னால் ஒரு சின்ன ஜன்னல் குதிக்கிறது. ‘இங்கே முரண்பாடு இருக்கிறது, தீர்வாக இதை இப்படி மாற்றட்டுமா?’ கீழே ‘தொடர்க’ என்று ஒரு பட்டன். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, படிக்காமல் ஒரு அமுக்கு.

எனக்குப் பிடித்துப்போனது அடுத்து அவர் காட்டியது. நம் தேர்வுகளை எல்லாம் டூல் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு வரி: இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? ‘உபயோகிப்பவர் வைத்தது’ என்று சிலவற்றுக்கு. முரண்பாட்டைத் தீர்க்க டூல் தானாக மாற்றியிருந்தால் ‘ஊகித்து வைத்தது’. மற்றதுக்கெல்லாம் ‘டிஃபால்ட்’, அதாவது நீங்கள் வாய் திறக்கவில்லை, நாங்களே வைத்துவிட்டோம்.

நம் ஒவ்வொருவர் ஜாதகத்தோடும் இப்படி ஒரு ஃபைல் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். குலதெய்வம், ஜாதி, தாய்மொழி எல்லாம் டிஃபால்ட். நல்ல மார்க் வாங்கியதால் இன்ஜினீயரிங், இன்ஜினீயரிங் படித்ததால் சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்பதால் இந்தப் பெண், இதெல்லாம் ஊகித்து வைத்தது. நாமே வைத்தது என்று தேடினால் மீசையின் சைஸும் செல்போன் ரிங்டோனும் தேறலாம்.

சும்மா இருப்பது முடிவே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2003-ல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஜான்சன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உடல் உறுப்பு தானம் பற்றி ஒரு கணக்குக் காட்டினார்கள். ஜெர்மனியில் தானத்துக்குச் சம்மதித்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். பக்கத்து ஆஸ்திரியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல். இரண்டு நாட்டுக்கும் ஒரே மொழி. வித்தியாசம் ஒரு டிக்தான். ஜெர்மனியில் தானம் கொடுக்கிறேன் என்று சொன்னால்தான் கணக்கில் வரும். ஆஸ்திரியாவில் மாட்டேன் என்று சொன்னால்தான் கணக்கிலிருந்து போகும். இரண்டு இடத்திலும் பெரும்பாலான ஜனங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாத அந்த வாய்தான் கணக்கை மாற்றியிருக்கிறது. உறுப்பு கிடைக்காமல் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவரிடம் போய், யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

லேப்டாப்புக்கு வருவோம். பட்டியலில் கெர்னல் என்ற கிளையை விரித்து, ஒரு சதுரத்தைச் சுட்டிக்காட்டினார் நண்பர். “இதுல ஒரு கோயமுத்தூர்க் கதை இருக்குதுங்ணா.” சதுரத்தின் பெயர், முன்னுரிமை தலைகீழாவதைத் தடுக்கும் முறை.

அதென்ன தலைகீழ்? ஒரு கலெக்டர் ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கலெக்டருக்கு அவசரமாக ஒரு ஃபைல் வேண்டும். அது ஒரு கடைநிலை குமாஸ்தாவிடம் இருக்கிறது. அவர் எழுதி முடித்தால்தான் நகரும். ஆனால் ஆபீஸில் இருப்பது ஒரே மேஜை, பெரியவர்கள் யாரும் உட்காராதபோதுதான் குமாஸ்தா உட்காரலாம் என்று விதி. தாசில்தார் வருகிறார், மேஜையில் உட்கார்ந்து சாவகாசமாகத் தன் வேலையைப் பார்க்கிறார். குமாஸ்தா கை கட்டி நிற்கிறார். ஃபைல் நகரவில்லை. கலெக்டர் காத்திருக்கிறார். தாசில்தார் மேல் குற்றமில்லை, அவருக்கு அந்த ஃபைலைப் பற்றியே தெரியாது. ஆனால் நடப்பது என்னவென்றால் தாசில்தாருக்காகக் கலெக்டர் காத்திருக்கிறார். ஒரே சிப்பில் பல வேலைகள் ஓடும் கம்ப்யூட்டரில் அச்சாக இதேதான் நடக்கும்.

இதற்கு வைத்தியம்: கலெக்டர் கேட்ட ஃபைல் கையில் இருக்கிறவரை குமாஸ்தாவையும் கலெக்டராகவே நடத்து. ஃபைலைக் கொடுத்ததும் பழையபடி குமாஸ்தா. இந்த வைத்தியத்தைக் கணிதப்படி ஆராய்ந்து நிரூபித்து 1990-ல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர். லூயி ஷா, ஜான் லெஹோஸ்கி, ரகுநாதன் ராஜ்குமார். இந்த ராஜ்குமார் 1984-ல் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. முடித்து, அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். டிரைவர் இல்லாத கார் ஆராய்ச்சியில் பின்னாளில் பெரிய பெயர். பீளமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பையன்களில் யார் தலையில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்!

ஆக, நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. மருந்தை அலமாரியிலும் வைத்தாயிற்று. இனி என்ன கவலை என்கிறீர்களா? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

1997 ஜூலை 4-ந் தேதி பாத்ஃபைண்டர் என்ற அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சோஜர்னர் என்ற குட்டி வண்டி அதிலிருந்து இறங்கி ஊர்ந்த படங்களை நாமும் டி.வி.யில் பார்த்தோம். சில நாளில் ஒரு தொந்தரவு. கலத்தின் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து மறுபடி துவங்கியது. திரும்பவும் அதே. ஒவ்வொரு தடவையும் அன்றைக்குச் செய்ய வைத்திருந்த மிச்ச வேலை மறுநாளுக்குப் போனது. ரிப்பேருக்கு ஆள் அனுப்புகிற தூரமில்லை, ரேடியோ சிக்னல் ஒரு தடவை போய்ச் சேரவே பத்து நிமிஷம்.

பூமியில் அதே மாதிரி வைத்திருந்த இரட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். குமாஸ்தாவும் கலெக்டரும்தான். வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. தகவல் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் முக்கிய வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுவில் வேறு வேலைகள் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டன. முக்கிய வேலை நேரத்துக்கு முடியவில்லை என்பதைக் கவனித்த காவல் பகுதி, ஏதோ விபரீதம் என்று முழு சிஸ்டத்தையும் அணைத்து எழுப்பியது.

மருந்து இல்லாமலா? இருந்தது. விண்ட் ரிவர் கம்பெனியின் விஎக்ஸ்வொர்க்ஸ்தான் அதில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம். ராஜ்குமார் கூட்டணியின் அந்த முறை விஎக்ஸ்வொர்க்ஸில் ஒரு தேர்வாகவே இருந்தது. ஆனால் டிஃபால்ட்டாக டிக் இல்லை. வேகம் குறையும் என்று அப்படி. சம்பந்தப்பட்ட அந்தப் பூட்டும் விண்கலத்துக்காரர்கள் நேரடியாக உருவாக்கியது கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வந்த ஒரு பகுதி, அவர்கள் கண்ணில் படாமல், தனக்குள்ளே டிஃபால்ட்படி உருவாக்கிக்கொண்டது. கடைசியில் வைத்தியம் என்ன? பல கோடி மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு சிக்னல் அனுப்பி அந்த ‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்கினார்கள். தொந்தரவு நின்றது.

அந்த வருஷம் டிசம்பரில் நடந்த ஒரு மாநாட்டில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். பார்வையாளர் வரிசையில் அந்தக் கட்டுரையை எழுதிய மூவருமே உட்கார்ந்திருந்தார்கள். அரங்கம் அவர்களுக்குக் கை தட்டியது. கணிதம் எழுதுகிறவர்களுக்கு எப்போதாவதுதான் இப்படி ஒரு கைதட்டல் வாய்க்கும்.

சரி, இதில் குற்றவாளி யார்? டிக் போடாமல் அனுப்பியவரா? அவர் காரணத்தோடுதான் செய்தார், தேர்வையும் ஒளித்து வைக்கவில்லை. போட்டிருக்கிறதா என்று தோண்டிப் பார்க்காதவரா? அவர்களும் சோம்பேறிகள் இல்லை. புறப்படும் முன் நடந்த சோதனைகளிலேயே இந்தக் கோளாறு தலைகாட்டியிருக்கிறது, துரத்திப் பிடிக்க முயன்றபோது திரும்ப வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் காசு அடிக்கவில்லை. ஆனாலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர் என்று கை தூக்க ஆளில்லாத முடிவு. எனக்கு இதுதான் உறுத்துகிறது. கெட்ட முடிவுகளை விட இப்படி அநாதையான முடிவுகளைத்தான் நாம் அதிகம் சுமந்துகொண்டு திரிகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் தப்பித்தது எப்படி? சோதனைக்காக வைத்திருந்த சில கருவிகளை, நடப்பதைப் பதிவு செய்யும் வசதியை, கலம் புறப்படும் முன் நீக்கவில்லை. சோதித்தது எதுவோ அதுவே பறக்கட்டும் என்று உள்ளேயே விட்டுவைத்தார்கள். சிக்கனம் பார்த்துக் கழித்திருந்தால் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் பெரும்பாடாகியிருக்கும்.

சிக்கனம் என்றதும் கொங்கு நாட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். உங்களிடமா அதைப் பற்றிப் பேசுவது? இற்றுப்போன நூல்கோணியைக்கூடத் தைத்துத் தைத்து மஞ்சள் பிடிக்கிற ஊர். ஒரு விதத்தில் எம்பெடட் இன்ஜினீயரும் அந்த ரகம்தான். மெமரி மிச்சம், பேட்டரி மிச்சம். லட்சம் கார்களில் போகிற சிப்பில் பத்து ரூபாய் குறைத்தால் பத்து லட்சம் மிச்சம். “ஒரு ஐட்டத்தை எடுத்து சைஸ் குறையறப்ப ஒரு சந்தோசம் வருதுங்ணா, சொன்னாப் புரியாது” என்றார் நண்பர். எனக்குப் புரிந்தது. வெட்டி வெட்டிச் சின்னதாக்குவதில் ஒரு சந்தோஷம் எழுதுகிறவனுக்கும் உண்டு.

அந்தச் சிக்கனத்தைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் பயந்து பயந்து உள்ளே திணித்தால் கருவி யானை விலை ஆகும், வாங்க ஆள் இருக்காது. அதிகம் வைப்பது அதிகப் பாதுகாப்பும் இல்லை. வைத்த ஒவ்வொன்றும் கெட்டுப்போக ஒரு வாய்ப்பு. கழிப்பது ஒரு திறமை. ஆனால் யாருடைய செலவில் கழிக்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நண்பரின் அப்பா தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் பெட்டி. அதற்குள் சிங்கிள் பேசிங் பிரிவென்டர் என்று ஒன்று. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் நிற்காது, முக்கி முனகிக்கொண்டு ஓடும். மிச்சமிருக்கிற பேஸில் கரண்ட் அதிகமாகி காயில் கருகும். அதற்கு முன் மோட்டாரை நிறுத்திவிடுவது பிரிவென்டரின் வேலை. ஆனால் தோட்டத்து லைனில் மூன்று பேஸும் வருவது சில மணி நேரம், மற்ற நேரம் இரண்டு என்று நெடுங்காலம் இருந்தது. பயிர் காய்கிறது, தண்ணீர் பாய்ச்ச வேண்டும். விவசாயிகள் என்ன செய்தார்கள்? கண்டன்ஸரை மாட்டி, பிரிவென்டரைக் கழற்றி ‘டைரக்ட்’ போட்டு, இரண்டு பேஸிலேயே ஓட்டினார்கள். எலக்ட்ரீஷியன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நானும் இது சரி என்று சொல்லவில்லை.

ஆனால் பாருங்கள், கழற்றியவர் அவர். காயில் கருகினால் ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவரும் அவர். போர்வெல் மோட்டாராக இருந்தால் நூற்றுக்கணக்கான அடி பைப்பை உருவி எடுக்கிற கூலியும் அவர் தலையில். பயிர் காய்வதா, மோட்டார் கருகுவதா என்று தன் பணத்தையும் தன் பயிரையும் தராசில் வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவு. அவருடைய ஃபைலில் அது ‘உபயோகிப்பவர் வைத்தது’.

மகன் எடுக்கிற டிக் அப்படி இல்லை. அவர் கோயமுத்தூரில் எடுக்கிறார். அனுபவிக்கப் போகிறவர் முகம் தெரியாத ஒருவர், பத்து வருஷம் கழித்து, ஏதோ ஒரு நாட்டில், மழையில் பிரேக் மிதிக்கிறவர். அவருக்கு அப்படி ஒரு சதுரம் இருந்ததே தெரியாது. தராசின் ஒரு தட்டு இங்கே, மற்றது அங்கே. அப்பாவின் சிக்கனமும் மகனின் சிக்கனமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெயரும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் தன் சோற்றில் குறைக்கிறார், மற்றவர் அடுத்தவர் சோற்றில் குறைக்கிறார்.

இதை உணர்ந்தவர்கள் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்கிறார்கள். ஆட்டோசாருக்கும் முன்னால், 1993-ல், ஜெர்மன் கார் கம்பெனிகள் ‘ஓசெக்’ என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கின. கார் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதுதான் பாட்டன். அதில் பூட்டு விவகாரத்துக்கு ராஜ்குமார் கட்டுரையில் வரும் இன்னொரு முறையின் சாயலில் ஒரு வைத்தியத்தைக் கட்டாயமாகவே வைத்துவிட்டார்கள். டிக் போடுவது, எடுப்பது என்ற பேச்சே இல்லை. சதுரமே கிடையாது! எனக்கு இது சரியாகப் படுகிறது. தேர்வு செய்யும் சுதந்திரம் பெரிய விஷயம் என்று ஓயாமல் பேசுகிறோம். யாருக்கு வலிக்குமோ அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில், மற்றவருக்கு மட்டும் எதற்கு?

ஆனால் அதே ஓசெக் வேறொரு சதுரத்தை விட்டுவைத்திருக்கிறது. தப்பான கட்டளை வந்தால் ஒவ்வொன்றையும் விரிவாகச் சோதித்துச் சொல்லும் முறை ஒன்று, பெரும்பாலான சோதனைகளை விட்டுவிட்டு வேகமாக ஓடும் முறை ஒன்று. உருவாக்கும் காலத்தில் முதலாவது, காருக்குள் போகும்போது இரண்டாவது என்பது வழக்கம். ஈகாஸிலும் இதே ஜாதிச் சதுரங்கள் உண்டு. காரணமும் நியாயம் போலத்தான் தெரிகிறது. எல்லாம் சோதித்து முடித்தாயிற்று, இனி எதற்குத் தண்டச் செலவு? நீச்சல் கற்றுக்கொண்டாயிற்றே, இனி சுரைக்குடுக்கை எதற்கு என்பது மாதிரி. கற்றுக்கொண்டது கிணற்றில், போகப்போவது ஆற்றில் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பாத்ஃபைண்டரில் தலைகாட்டிய கோளாறும் பூமியில் பிடிபடாமல் நழுவியதுதான்.

நண்பரிடம் கேட்டேன். “நீங்க எடுத்துருவீங்களா, வெச்சுக்குவீங்களா?”

உடனே பதில் சொல்லவில்லை. “கேக்கவே மாட்டாங்களுங்ணா. போன புராஜெக்ட்ல என்ன இருந்துச்சோ அதைக் காப்பி பண்ணித்தான் ஆரம்பிப்போம். அது அதுக்கு முந்துன புராஜெக்ட்ல இருந்து வந்துருக்கும்.”

“முதல்ல வெச்சது யாரு?”

“அவரு வேலைய விட்டுப் போயே ஆறு வருசமாச்சுங்.”

கம்ப்யூட்டர் துறை மட்டும் இப்படி என்று நினைத்து மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆபீஸில், பள்ளிக்கூடத்தில், கோயில் கமிட்டியில் ‘போன வருஷம் மாதிரியே’ என்று எத்தனை விஷயம் நடக்கிறது? அந்தப் போன வருஷம் யாருடையது?

ஈகாஸ் ஃபைல் இந்த விஷயத்தில் நம்மை விட யோக்கியம். எது டிஃபால்ட், எது ஊகித்தது, எது ஆள் வைத்தது என்றாவது பிரித்துச் சொல்கிறது. ஆள் என்றால் எந்த ஆள், எதற்காக வைத்தார் என்று கேட்கும் இடம் அதிலும் இல்லை. அந்த வரியை யாராவது மெனக்கெட்டுத் தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு. மெனக்கெட்டு எழுதியதற்காக யாருக்கும் இன்க்ரிமென்ட் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

தோட்டங்களில் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எலக்ட்ரீஷியன்கள் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டுப் போவார்கள். காயில் கட்டிய தேதி, ஒரு செல் நம்பர். பக்கத்தில் கோணல்மாணலாக, ‘பிரிவென்டர் டைரக்ட், ஓனர் சொன்னது.’